ரேட் வந்துருச்சா?

தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் நடுவே ஒரு கரை. அங்கே மீனவர்களிடம் நண்டு வாங்கும் கொட்டகை ஒன்றில், கரைப் பேச்சில் வாடியில், இரண்டு வருடம் கணக்கு எழுதினேன். ஊர்ப் பெயரும் வாடிக்காரர் பெயரும் வேண்டாம். அவருடைய சோற்றைத் தின்றிருக்கிறேன், அந்தக் கரைக்காரர்களோடு இன்னும் பேச்சுவார்த்தை இருக்கிறது.

தினமும் இரவு ஏழரை வாக்கில் முதலாளிக்கு ஒரு போன் வரும். "ம்... ம்... சரிண்ணே" என்பதற்கு மேல் அவர் ஒன்றும் பேசமாட்டார். வைத்ததும் என் பக்கம் திரும்பி ஒரு எண்ணைச் சொல்வார். நோட்டில் மறுநாள் தேதி போட்டு, அதற்குக் கீழே அந்த எண்ணை எழுதிக் கோடு போடுவேன். அவ்வளவுதான், விலை நிர்ணயம் முடிந்தது. விடிவதற்குள் வலையைச் சுமந்து வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி "தம்பி, ரேட் வந்துருச்சா?" என்பதுதான். என்ன விலைக்கு எடுப்பீர்கள் என்று யாரும் பேரம் பேசுவதில்லை. வாடைக்காற்று மாதிரி ரேட் எங்கிருந்தோ வரும். வந்ததை வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஒரு மாசி மாதத்தில் இந்த ரேட் பதினோரு நாள் குதித்து விளையாடியது. அந்தப் பதினோரு நாளைத்தான் இங்கே பிரித்துப் பார்க்கப் போகிறேன். கரையில் அதற்கு ஒரே பெயர்தான்: சிண்டிகேட். நான்கைந்து விதமான விஷயத்துக்கு இந்த ஒரு சொல்லையே போட்டுக் குழப்பிக்கொள்கிறோம் என்பது என் வாதம். பொருளியலில் அதற்குச் சரியான சொல் ஒன்று உண்டு. அதிகம் புழங்காத சொல். ஆனால் அதன் வேரைக் கிளறினால் மீன் வாடை வரும். அந்தச் சொல்லைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

களம்

ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையின் நீளம் சுமார் 237 கிலோமீட்டர். தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக் நீரிணை. எங்கள் கரை வடகடல். ஆழம் கம்மி, அலை கம்மி, சேறும் கடல்புல்லும் அதிகம். நண்டுக்கு ஏற்ற இடம். விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு மீதி நான்கு நாள் என்ற ஏற்பாடு பழையது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் விசைப்படகுகளுக்குத்தான். நண்டு வலை போடும் சிறு படகுக்கு அந்தக் கவலை கிடையாது. சாயங்காலம் வலையை இறக்கிவிட்டு விடியற்காலம் எடுப்பார்கள். பிடித்து வருவதைவிட வலையிலிருந்து நண்டைக் கழற்றுவதுதான் பெரிய வேலை. பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, கால் ஒடியாமல், வலை கிழியாமல் கழற்றுவார்கள். ஒடிந்துவிட்டால் இரண்டாம் தரம்.

இந்த நண்டு உள்ளூர்க் குழம்புக்குப் போவது கொஞ்சம்தான். நீல நிற நீச்சல் நண்டை வேகவைத்து, சதையை விரலால் பிரித்தெடுத்து, டப்பாவில் அடைத்துச் சூடாக்கிப் பதப்படுத்திக் குளிரில் வைத்து அனுப்புகிறார்கள். பெரும்பாலும் அமெரிக்காவுக்கு. டப்பா போடுவது கம்பெனி. கம்பெனிக்குக் கரையில் கண்ணும் கையும் வாடிதான். வாடிக்காரருக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று கமிஷன்.

எங்கள் கரையில் நான்கு வாடிகள். எங்களுடையது, வேப்பமரத்து வாடி, ஐஸ் கம்பெனி வாடி, மேட்டு வாடி. விற்கிறவர்கள் நூற்றுக்கு மேல், வாங்குகிறவர்கள் நான்கு. இந்த விகிதத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது, முன்பணம். கம்பெனி வாடிக்குக் கொடுக்கும், வாடி படகுக்காரருக்குக் கொடுக்கும். வலை வாங்க, எஞ்சின் பார்க்க, மகள் கல்யாணத்துக்கு. வட்டி கிடையாது. பத்திரம் கிடையாது. ஒரே நிபந்தனை: பாடு, அதாவது பிடித்து வந்த சரக்கு, எதுவானாலும் இந்த வாடிக்குத்தான் வர வேண்டும். வட்டி இல்லாத கடன் என்று கேட்டால் தருமம் மாதிரி இருக்கும். வட்டியை விலையிலேயே எடுத்துக்கொள்கிறார்கள். எங்கள் நோட்டில் 46 படகுகள். அதில் 35 பேருக்குப் பற்று, அதாவது அடைக்காத முன்பணம், இருந்தது.

சொல்

பொருளியல் படித்தவர்கள் முற்றுரிமை, சில்லோர் முற்றுரிமை என்ற சொற்களைப் பார்த்திருப்பார்கள். ஒரே விற்பனையாளர் என்றால் முதலாவது, சில விற்பனையாளர் என்றால் இரண்டாவது. இரண்டும் விற்கிற பக்கத்தைப் பார்க்கிற சொற்கள். கார்டெல் என்றதும் நினைவுக்கு வருவதும் அதே பக்கம்தான்: 1960ல் பாக்தாதில் ஐந்து நாடுகள் கூடித் தொடங்கிய எண்ணெய் நாடுகளின் அமைப்பு. விற்கிறவன் கூடி விலையை ஏற்றுவது. வாங்குகிறவன் கூடி விலையை இறக்கினால்?

1933ல் கேம்பிரிட்ஜில் ஜோன் ராபின்சன் என்ற பொருளியலாளர் இந்தப் பக்கத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது கையில் சொல் இல்லை. கிரேக்கம் அறிந்த ஹால்வர்ட் என்ற அறிஞரிடம் கேட்டார். அவர் கொடுத்த சொல்தான் மொனாப்சனி. ஒரே கொள்வோர். சிலர் என்றால் ஒலிகாப்சனி. இந்த ஜோன் ராபின்சன் கல்யாணமான புதிதில் கணவரோடு குவாலியரில் இரண்டு வருடம் இருந்தவர், வயதான காலத்தில் திருவனந்தபுரத்துக்கு வந்து போய்க்கொண்டிருந்தவர். நம் கடற்கரையிலிருந்து ஒரு இரவு பஸ் தூரம்.

சொல்லின் பின்பாதியைப் பாருங்கள். கிரேக்கத்தில் ஓப்சோன் என்றால் ரொட்டிக்குத் தொட்டுக்கொள்வது. நம் பக்கத்து வார்த்தையில் சொன்னால் வெஞ்சனம். ஏதென்சில் வெஞ்சனம் என்றாலே மீன்தான் என்கிற அளவுக்கு அந்தச் சொல் மீனோடு ஒட்டிக்கொண்டது. இன்றைக்கும் கிரேக்கர்கள் மீனைச் சொல்லும் ப்சாரி அதிலிருந்து வந்ததுதான். தங்கச்சிமடத்திலோ பாம்பனிலோ ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிறவர்களுக்கு ஐந்து அப்பமும் இரண்டு மீனும் தெரியும். யோவான் நற்செய்தியின் கிரேக்க மூலத்தில் அந்த இரண்டு மீனுக்கு இருக்கிற சொல் ஓப்சாரியோன். ஓப்சோனெய்ன் என்றால் அந்த வெஞ்சனத்தைச் சந்தையில் போய் வாங்குவது. ஆக, மொனாப்சனி என்பதை வேரோடு பிடுங்கித் தமிழில் நட்டால், ஒருத்தன் மட்டுமே மீன் வாங்க வருகிற சந்தை. கேம்பிரிட்ஜில் இருந்துகொண்டு எங்கள் கரைக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

கார்டெல், சிண்டிகேட் இரண்டுக்கும்கூட ஒரு கதை உண்டு. கார்டெல் என்பது துண்டுக் காகிதத்தைக் குறித்த இத்தாலியச் சொல். சண்டையில் இருக்கும் இரண்டு நாடுகள் கைதிகளை மாற்றிக்கொள்ள எழுதும் ஒப்பந்தத்துக்கு அந்தப் பெயர் வந்தது. கைதிகளை ஏற்றி வரும் கப்பலையும் கார்டெல் கப்பல் என்றார்கள். வியாபாரக் கூட்டணி என்ற பொருள் 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியர் கொடுத்தது. எல்லை தாண்டியதாகப் பிடிபட்டுத் திரும்பி வரும் ஆட்களுக்காகக் கரையில் காத்திருந்த குடும்பங்களுக்குப் பழைய பொருள்தான் நெருக்கமாக இருக்கும். சிண்டிகேட் இன்னும் வேடிக்கை. அதன் பிரெஞ்சு வடிவத்துக்குப் பிரான்சில் பொருள் தொழிற்சங்கம்.

சரி, சொல்லால் என்ன லாபம்? லாபம் இருக்கிறது. கொள்வோர் சிலர் என்பது ஒரு நிலை. அந்தச் சிலர் பேசிவைத்துக்கொள்வது ஒரு செயல். முதலாவது ஒலிகாப்சனி, இரண்டாவது கொள்வோர் கார்டெல். கரையில் இரண்டையும் சிண்டிகேட் என்கிறோம். சட்டம் செயலைத்தான் பிடிக்கும், நிலையைப் பிடிக்காது. ஆனால் வயிற்றில் அடிப்பது பெரும்பாலும் நிலை.

ஒரே ஆள் வாங்கினால் விலை ஏன் இறங்குகிறது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. கிலோ 300 கொடுத்தால் 100 கிலோ வருகிறது என்று வையுங்கள். 110 கிலோ வேண்டுமென்றால் 320 கொடுக்க வேண்டும். அந்த 320ஐப் புதிதாக வந்த பத்துக் கிலோவுக்கு மட்டும் கொடுக்க முடியாது, எல்லோருக்கும் கொடுக்க வேண்டும். செலவு 30,000லிருந்து 35,200 ஆகிறது. அதாவது கூடுதல் பத்துக் கிலோ அவனுக்குக் கிலோ 520 விழுகிறது. கம்பெனியில் 450தான் கிடைக்கும் என்றால் அவன் ஏன் ஏற்றப் போகிறான்? அவன் கெட்டவனாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. தனியாக இருந்தால் போதும். நான்கு பேர் இருந்தால் ஒருவன் விட்டதை இன்னொருவன் எடுத்துவிடுவான் என்ற பயம் இருக்கும். அந்தப் பயத்தை எடுத்துவிடுவதற்குத்தான் கூட்டு. நான்கு பேரை ஒரே ஆளாக்கிவிடும் வித்தை.

பாடநூல் இதோடு ஒன்று சேர்க்கும்: விலை இறங்கினால் விற்கிறவன் சரக்கைக் குறைப்பான். கரையில் அது உடனே நடக்காது. விடிகாலையில் நண்டு ஏற்கெனவே கூடையில் கிடக்கிறது. வெயில் ஏற ஏற அதன் மதிப்பு இறங்குகிறது. ஒன்பது மணிக்கு மேல் கம்பெனி தொடாது. "நாளைக்கு விற்கிறேன்" என்று சொல்ல முடியாத பொருள். அதனால் அன்றைய விலைக் குறைப்பு முழுவதும் ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்குப் போகிறது. சரக்கு குறைவதெல்லாம் பின்னால், மகனைத் திருப்பூருக்கு அனுப்பும்போது.

பதினோரு நாள்

தொகைகளை முழு எண்ணாக்கிப் போடுகிறேன். முதல் தரம் கிலோ 400 ஓடிக்கொண்டிருந்தது. ஒரு இரவு போன் வந்தது. முதலாளி 320 என்றார். நான் ஒருமுறை திரும்பக் கேட்டேன். "முன்னூத்தி இருபதுதான். எழுது."

மறுநாள் காலையில் நான்கு வாடியிலும் 320. காரணமும் நான்கிலும் ஒன்றே: அமெரிக்காவில் ஆர்டர் இல்லை. ஆர்டர் குறைந்தது உண்மை என்றே வைத்துக்கொள்வோம். நான்கு பேரும் ஒரே சந்தைக்குச் சரக்கு அனுப்பினால் விலை ஒன்றாக இருப்பதும் இயல்புதான். நல்ல போட்டி நடக்கும் இடத்திலும் விலை ஒன்றாகத்தான் இருக்கும். ஒரே விலை என்பது மட்டும் சாட்சி ஆகாது. ஒரே இரவில், ஒரே 80 ரூபாய், ஒரே வாக்கியம் என்று வரும்போதுதான் சந்தேகம் தலை தூக்குகிறது. நான் கவனித்த இன்னொரு அடையாளம்: ஆர்டர் குறைந்தால் அன்று இரவே ரேட் இறங்கும். ஆர்டர் வந்தால் மூன்று வாரம் கழித்து, அதுவும் பத்துப் பத்தாக ஏறும். இறங்கும்போது கல், ஏறும்போது நத்தை.

இரண்டாம் நாள் ஏச்சுப் பேச்சு. மூன்றாம் நாள் ஏழெட்டுப் படகு கடலுக்குப் போகவில்லை. நான்காம் நாள் அவையும் போய்விட்டன.

ஐந்தாம் நாள்தான் சுவாரசியம். வேப்பமரத்து வாடியில் கூட்டம். பலகையில் அதே 320. ஆனால் எங்கள் பக்கம் வர வேண்டிய கூடைகள் அந்தப் பக்கம் போகின்றன. கூடை தூக்கும் அக்கா ஒருத்தர் போகிற போக்கில் சொன்னார்: "அங்க ஒத்தக்கால் ஒடஞ்சதெல்லாம் மொதல் தரத்துல போகுது தம்பி. தண்ணிக் கழிவும் பாதிதான்."

உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 20 கிலோக் கூடை. நண்டில் ஒட்டிய தண்ணீருக்காக எடையில் கழிக்கும் தண்ணிக் கழிவு எங்களிடம் ஒரு கிலோ. அது போக 19. அதில் முதல் தரம் 14, இரண்டாம் தரம் 5. இரண்டாம் தரம் பாதி விலை, 160. ஆக 5,280 ரூபாய். அங்கே கழிவு அரைக் கிலோ. முதல் தரம் 17, இரண்டாம் தரம் இரண்டரை. ஆக 5,840. கூடைக்கு 560 வித்தியாசம். கிலோவுக்கு 28 ரூபாய், பலகையில் ஒரு எழுத்து மாறாமல்.

1964ல் அமெரிக்கப் பொருளியலாளர் ஜார்ஜ் ஸ்டிக்லர் எழுதிய ஒரு கட்டுரை கார்டெல்களின் பலவீனத்தை இப்படிச் சொல்கிறது: கூட்டில் இருப்பவன் ஒவ்வொருவனுக்கும் இரகசியமாக விலையில் விட்டுக்கொடுத்துச் சரக்கைத் தள்ளிவிட ஆசை இருக்கும், அதை மற்றவர்கள் கண்டுபிடிக்க முடிகிறதா என்பதில்தான் கூட்டின் ஆயுள் இருக்கிறது. அவர் பேசியது விற்போர் கூட்டு. கொள்வோர் கூட்டில் அதைத் திருப்பிப் போட வேண்டும். இங்கே துரோகம் என்பது கூடக் கொடுப்பது. கூடக் கொடுப்பதை யாரும் பணமாகக் கொடுக்கமாட்டார்கள், தராசிலும் தரத்திலும் ஒளித்துவைப்பார்கள். ஓசி ஐஸ், ஒரு கேன் டீசல், கண்டும் காணாத உடைசல். கரையில் வேலை பார்க்காதவருக்குப் பலகைதான் தெரியும். விலையைப் பலகையில் தேடினால் கிடைக்காது.

ஆறாம் நாள் முதலாளி கேட்டார்: "யார் யாரு போயிருக்கான்?" நான் பெயரைப் படித்தேன். பதினொன்று. அவர் நோட்டை வாங்கி, என் வரிசையைப் பார்க்கவே இல்லை, நேராகக் கடைசிப் பக்கத்துப் பற்றுக் கணக்கைத் திருப்பினார். பதினொருவரில் ஒருவர் பெயரும் அதில் இல்லை. பற்று உள்ள 35 பேரும் எங்கள் தராசுக்கு முன்னால்தான் நின்றார்கள். அவருக்கு ஆச்சரியமே இல்லை. எனக்குத்தான் அன்றைக்கு ஏதோ விளங்கியது.

ஏழாம் நாள் மத்தியானம் ஐஸ் கம்பெனிக்குப் பின்னால் நான்கு பேரும் சந்தித்தார்கள். முதலாளியை நான்தான் வண்டியில் கொண்டுபோய் விட்டேன். உள்ளே நான் போகவில்லை. அரை மணி நேரம், ஒரு பிளாஸ்க் டீ, இரண்டு முறை சத்தம். வெளியே வந்தவர் வண்டியில் ஏறும்போது சொன்னது: "ஒருத்தன் நாக்கு சரியில்ல. பாத்துக்கலாம்."

எட்டாம் நாள் எங்கள் ரேட் 360. ஒன்பதாம் நாள் 380, பத்தாம் நாளும் அதே. மேட்டு வாடியும் ஐஸ் கம்பெனி வாடியும் கூடவே ஏறின. இது தாராளம் இல்லை, தண்டனை. வேப்பமரத்து வாடிக்காரர் உடைசலில் கொடுத்த 28ஐ விழுங்கும் அளவுக்கு ஏற்றி, அவர் தராசைக் காயப்போடுவது. விற்போர் கார்டெல் சண்டை போட்டால் விலை விழும். கொள்வோர் கார்டெல் சண்டை போட்டால் விலை ஏறும். மூன்று நாள் கரையில் திருவிழா.

எல்லோருக்கும் இல்லை. எட்டாம் நாள் காலையில் முதலாளி என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "பற்று இல்லாதவனுக்கு முன்னூத்தி அறுபது. மத்தவங்களுக்கு அதே ரேட்டைப் போடு. அவங்க எங்க போகப் போறாங்க?" நான் ஸ்கேலை எடுத்துப் பக்கத்தின் நடுவே ஒரு கோடு போட்டேன். இடது பக்கம் 360, வலது பக்கம் 320. இரண்டு வருடத்தில் நான் எழுதியதில் இன்னும் கண்ணில் நிற்பது அந்தக் கோடுதான். நான் மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை.

பதினோராம் நாள் போன் வந்தது. 340. நான்கு வாடியிலும். இரண்டு மாதம் அதே 340 நின்றது. 400 போய் 320 ஆகி 340ல் உட்கார்ந்தபோது, "பரவாயில்லை, இருபது ஏத்திட்டாங்க" என்று கரையில் பேசிக்கொண்டார்கள்.

சட்டம் எங்கே நிற்கிறது

2002ஆம் வருடத்துப் போட்டிச் சட்டம் மூன்றாம் பிரிவில், கொள்முதல் விலையையோ விற்பனை விலையையோ நேராகவோ மறைமுகமாகவோ நிர்ணயிக்கும் உடன்பாடு போட்டிக்குப் பாதகமானது என்று அனுமானிக்கச் சொல்கிறது. கொள்முதல் விலை என்று தெளிவாகவே இருக்கிறது. ஆனால் அதே சட்டத்தில் கார்டெலுக்கான வரையறையைப் படித்தால், உற்பத்தியாளர், விற்பனையாளர், விநியோகஸ்தர், வர்த்தகர், சேவை அளிப்போர் என்று வரிசை வரும். வாங்குவோர் என்ற சொல் அந்த வரிசையில் இல்லை. வாடிக்காரர் வர்த்தகர்தானே என்று வாதிடலாம், சரியான வாதம்தான். இருந்தாலும் சட்டம் எழுதியவர்களின் கண்ணும் முதலில் விற்கிற பக்கம்தான் போயிருக்கிறது என்பதற்கு இது ஒரு தடயம்.

அமெரிக்காவில் இந்தக் கேள்விக்கு 1948லேயே உச்ச நீதிமன்றம் பதில் சொல்லிவிட்டது. கலிஃபோர்னியாவில் சர்க்கரை எடுக்கும் பீட் கிழங்கு பயிரிட்டவர்கள், ஆலைகள் கூடிப்பேசித் தங்களுக்குக் குறைந்த விலை கொடுத்தன என்று வழக்குப் போட்டார்கள். பாதிக்கப்பட்டவர் நுகர்வோராக இருந்தால்தான் குற்றம் என்றில்லை, விற்றவர் பாதிக்கப்பட்டாலும் குற்றமே என்றது தீர்ப்பு. எனக்குப் பிடித்த நியாயம் இது. கொள்வோர் கூட்டால் கடையில் டப்பா விலை இறங்குவதில்லை. அதனால் ஊர் உலகத்தில் யாரும் கவலைப்படுவதில்லை. கவலை முழுவதும் கரையில் இருக்கிறது.

எங்கள் பதினோரு நாளைச் சட்டத்தின் முன் வைத்தால், ஏழாம் நாள் மத்தியானம் மட்டும் வழக்காகும். அந்த அரை மணி நேரம் உடன்பாடு. அதை நிரூபிக்க அந்த நால்வரில் ஒருவர் வாய் திறக்க வேண்டும். தானே முன்வந்து சொல்பவருக்கு அபராதத்தைக் குறைக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது, ஸ்டிக்லர் சொன்ன அதே ஆசையைச் சட்டம் தன் பக்கம் இழுக்கப் பார்ப்பது. ஆனால் எட்டாம் நாள் நான் போட்ட கோடு? அது எந்தக் கூட்டிலும் பேசியது இல்லை. ஒரு வாடிக்காரர் தன் கடனாளிகளிடம் தனியாகச் செய்தது. கார்டெல் உடைந்துகிடந்த அதே மூன்று நாளில் 35 படகுக்கு விலை ஒரு பைசா ஏறவில்லை. அவர்களைப் பொறுத்தவரை கரையில் நான்கு வாடி கிடையாது, ஒன்றுதான். அவர்கள் இருந்தது மொனாப்சனியில். பக்கத்தில் நின்று அதே நண்டைக் கழற்றிய பதினொருவர் இருந்தது ஒலிகாப்சனியில். இரண்டு சந்தைக்கும் நடுவே இருந்தது என் ஸ்கேல் கோடு.

இதை வைத்துப் பார்த்தால் சில நம்பிக்கைகளைக் கொஞ்சம் தள்ளிவைக்க வேண்டியிருக்கிறது. 1997 முதல் 2001 வரை வடகேரளத்தில் கைபேசி வந்தபோது மத்தி பிடிப்பவர்கள் கடலிலிருந்தே விலை கேட்டு, நல்ல விலை உள்ள கரைக்குப் படகைத் திருப்பினார்கள், கரைக்குக் கரை விலை வித்தியாசம் சுருங்கியது என்று பொருளியலாளர் ராபர்ட் ஜென்சன் 2007ல் எழுதிய ஆய்வு பேர் பெற்றது. எங்கள் கரையில் எல்லோர் கையிலும் போன் இருந்தது. தொண்டியில் என்ன ரேட் என்று பற்று உள்ளவருக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய? படகைத் திருப்ப எஞ்சின் மட்டும் போதாது.

வேலை செய்த வழி ஒன்று தெற்கே இருக்கிறது. 1970களில் திருவனந்தபுரம் கரையில் மரியநாடு என்ற ஊரில் மீனவர் சங்கமாகத் தொடங்கி, 1980ல் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பாக ஆனது. அந்தச் சங்கங்கள் முதலில் கைவைத்தது ஏலத்தில் இல்லை, கடனில். வியாபாரி கொடுத்த இடத்தில் சங்கம் கடன் கொடுத்தது. கரையில் முதல் விற்பனையைத் தன் கையில் எடுத்தது. தினசரி விற்பனையில் ஒரு பங்கைப் பிடித்துக் கடனைக் கழித்தது. வியாபாரிகளை ஒழிக்கவில்லை. யார் வேண்டுமானாலும் யாரிடமும் விற்கலாம் என்ற நிலையை மட்டும் உண்டாக்கியது.

ராமேசுவரத்தில் தடைக்காலம் முடிந்து இறால் குவியும்போது விலையை இறக்கிவிட்டார்கள் என்று படகுகள் வேலைநிறுத்தம் செய்யும் செய்திகள் வரும். விற்பவர்கள் கூடி "இந்த விலைக்குக் கீழே கொடுக்கமாட்டோம்" என்பதும் சட்டத்தின் எழுத்தில் ஒரு கூட்டுதானே என்று ஒரு வக்கீல் நண்பர் என்னை மடக்கினார். அமெரிக்காவில் 1942ல் அப்படித்தான் ஆனது, மீனவர்கள் தொழிலாளர் அல்ல, தனி வியாபாரிகள் என்று நீதிமன்றம் சொன்னது. அதே நாட்டில் மீனவர்கள் சேர்ந்து விற்கலாம் என்று 1934லேயே தனிச் சட்டமும் இருந்தது. எதிர்ப்பக்கம் நான்கு பேர் இருக்கும்போது இந்தப் பக்கம் நூறு பேரும் தனித்தனியாகத்தான் பேச வேண்டும் என்பதை என்னால் போட்டி என்று ஒப்புக்கொள்ள முடியாது.

கரையின் மற்ற மூலைகள்

நண்டு மட்டும் இல்லை. இந்தக் கடலுக்கு ஒரே கொள்வோர் என்பது புதிதே அல்ல. சங்கு குளிப்பு நெடுங்காலம் அரசின் உரிமை. முங்கி எடுத்தவர் அரசு சொன்ன விலைக்கு அரசிடம்தான் கொடுக்க வேண்டும். அங்கிருந்து வங்காளத்துக்கு, வளையலுக்கு. அது சட்டமே உண்டாக்கிய மொனாப்சனி.

2000க்குப் பிறகு மண்டபம் பக்கம் மூங்கில் மிதவையில் புதுப் பாசி ஒன்றைக் கட்டி வளர்க்கத் தொடங்கினார்கள். கப்பாஃபைகஸ் என்பது அதன் அறிவியல் பெயர். மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி என்று கடற்பாசிக்கெல்லாம் அழகழகாகப் பெயர் வைத்த பெண்கள் இதற்கு வைத்த பெயர் பெப்சி பாசி. ஆரம்பத்தில் ஒப்பந்தம் போட்டு வாங்கிய கம்பெனியின் பெயர். ஒரு செடிக்கு அதை வாங்குகிறவனின் பெயரையே வைத்துவிட்டால், மொனாப்சனிக்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

போன வருடம் அந்தக் கரைக்குப் போயிருந்தேன். அந்த 35ல் ஒருவரான சம்மாட்டி மாமா ஒருவர் வலைக்கு ஈயம் கோத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, இந்த கிரேக்கச் சொல்லின் கதையைச் சொன்னேன். வெஞ்சனம், மீன், ஒருத்தன் மட்டும் வாங்குகிற சந்தை, எல்லாம். கையை நிறுத்தாமல் கேட்டார்.

"அம்புட்டுக் காலத்துக்கு முன்னாடியே எழுதி வச்சிட்டாங்களா?"

"சொல்லு பழசு மாமா. சேத்து வச்சது தொண்ணூறு வருசம் இருக்கும்."

"அதுல பற்று உண்டா?"

"இல்ல. சொல்லுல அது இல்ல."

"அப்ப நம்ம கரை இல்ல" என்று சொல்லிவிட்டு, அடுத்த ஈயத்தை எடுத்தார்.